அபாயத்தை அளப்பதும் ஆளைக் காப்பதும்

ஒரு பிள்ளையை எங்களிடம் அழைத்து வருகிறவர்கள், பெற்றோரோ தலைமையாசிரியரோ விடுதிக் காப்பாளரோ, பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்வார்கள்: "ஏதாவது பண்ணிக்குவானா?" கேட்பவருக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை. மருத்துவ உளவியலில் இருப்பவர்கள் அதற்காக ஒரு படிவத்தை நிரப்பி, மதிப்பெண்ணைக் கூட்டி, 'குறைந்த அபாயம்', 'மிகுந்த அபாயம்' என்று முத்திரை குத்தி அனுப்பும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்த முத்திரையை நான் நம்புவதில்லை. அரை நூற்றாண்டு ஆய்வுகளும் அதை நம்ப இடம் தரவில்லை. ஆனால் மதிப்பீட்டை நம்புகிறேன், இந்தத் தொழிலில் வேறெதையும்விட அதிகமாக. முன்னதை விட்டால்தான் பின்னது உருப்படியாகும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

முதலில், பேசுவது எவ்வளவு பெரிய துயரத்தைப் பற்றி என்பது தெரிந்திருக்க வேண்டும். 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவையும் காவல் நிலையம்வரை வந்த கணக்குதான். இறந்தவரின் வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரிடம் கேட்டு இறப்பின் காரணத்தைக் கண்டறியும் முறையில் விக்ரம் பட்டேலும் பிறரும் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு, 2010-ம் ஆண்டின் தற்கொலை இறப்புகளை ஏறத்தாழ 1,87,000 என்று மதிப்பிட்டது. அதே ஆண்டுக்குக் காவல்துறைக் கணக்கு 1,34,599. அந்த ஆய்வின்படி, தற்கொலையால் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்கள். இதற்கும் முன்னால், 2004-ல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்து ஊர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்துக் கண்டதை லான்செட் இதழில் எழுதினார்கள். 10 முதல் 19 வயதுள்ள பெண் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்தில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர். மேற்கு நாடுகளில் ஆண்களின் எண்ணிக்கைதான் பன்மடங்கு அதிகம். இங்கே தலைகீழ். 1983-ல் அமெரிக்காவில் உருவாகி உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த 'சேட் பர்சன்ஸ்' என்ற அளவுகோலில் ஆணாக இருந்தால் ஒரு மதிப்பெண், வாழ்க்கைத்துணை இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண். கணியம்பாடியில் பதினெட்டு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அந்தப் படிவத்தில் இரண்டு மதிப்பெண் குறைந்து, 'பாதுகாப்பாக' இருப்பாள். எந்தப் பெண்ணை முதலில் கவனித்திருக்க வேண்டுமோ, அவளையே பின்னால் தள்ளிவிடுகிற கணக்கு இது.

அளவுகோலை நம் ஊருக்கு ஏற்றபடி திருத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குறை அடிப்படைக் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அலெக்ஸ் போகார்னி என்ற மனநல மருத்துவர் 4,800 உள்நோயாளிகளை பல அளவுகோல்களால் அளந்துவிட்டு, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த 67 பேரை முன்கூட்டியே பிரித்துக் காட்ட எந்த அளவுகோலாலும் முடியவில்லை என்று 1983-ல் அவர் எழுதினார். 2017-ல் ஜோசப் ஃபிராங்க்ளினும் பிறரும் ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். நாம் அறிந்த அபாயக் காரணிகளின் கணிப்புத் திறன் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்பதுதான் கிடைத்த முடிவு. ஏன் இப்படி என்பதைக் காகிதத்தில் போட்டே பார்க்கலாம். ஒரு லட்சம் இளைஞர்களில் ஆண்டுக்கு 20 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும் ஒரு படிவம் நம் கையில் இருக்கிறது. இவ்வளவு நல்ல படிவம் உண்மையில் கிடையாது. அது 20 பேரில் 16 பேரைப் பிடிக்கும். கூடவே, ஒன்றும் ஆகப்போகாத 99,980 பேரில் சுமார் 20,000 பேரையும் 'அபாயம்' என்று சொல்லும். ஆக, முத்திரை விழுந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. மறுபக்கம், 'அபாயம் இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் நால்வர் இறந்திருப்பார்கள். நோய் கண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. இதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தற்கொலையைக் கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், ஆட்களைக் குறைந்த, நடுத்தர, மிகுந்த அபாயம் என்று தரம் பிரிக்காதீர்கள், அந்தத் தரத்தை வைத்து யாருக்குச் சிகிச்சை தருவது என்று முடிவெடுக்காதீர்கள் என்று தெளிவாகவே சொன்னது.

கணிக்க முடியாதென்றால் மதிப்பீடு எதற்கு? சக ஊழியர்களே கேட்கும் நியாயமான கேள்வி இது. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது ஒரு வேலை. கூரையில் ஓலை எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று ஏறிப் பார்ப்பது வேறு வேலை. மதிப்பீடு இரண்டாவது வகை. இந்தப் பிள்ளைக்கு இன்று எது தாங்க முடியாததாக இருக்கிறது, எது இவளை இதுவரை பிடித்து வைத்திருக்கிறது, இந்த வாரம் எதை மாற்றினால் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு எதிர்காலத்தைக் கணிக்கத் தேவையில்லை. கேட்கவும், கேட்டதைத் தாங்கிக்கொண்டு உட்காரவும் தெரிந்தால் போதும்.

கேட்பதற்கும் ஒரு படிமுறை உண்டு. கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் கெல்லி போஸ்னரும் பிறரும் உருவாக்கிய அளவுகோலைக் கணிப்புக்காக நான் மதிப்பதில்லை. அதன் படிகளுக்காக மதிக்கிறேன். செத்துப்போனால் தேவலை என்ற விருப்பம் ஒரு படி. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் அடுத்தது. எப்படி என்று யோசித்திருப்பது, செய்யத் துணிந்திருப்பது, ஏற்பாட்டில் இறங்கியிருப்பது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு நிலை; ஏற்கெனவே முயன்றிருந்தால் அது தனியாகக் கேட்கப்பட வேண்டியது. நம் பிள்ளைகள் முதல் படியைத்தான் வெளியில் சொல்வார்கள், அதுவும் சுற்றி வளைத்து: "தூங்கி எந்திரிக்கவே கூடாதுன்னு இருக்கு", "எங்கயாவது கண்காணாம போயிடணும்", "நான் இல்லேன்னா வீட்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க". மூன்றில் என்னை அதிகம் நிமிர வைப்பது கடைசி வாக்கியம். தாமஸ் ஜாய்னர் 2005-ல் முன்வைத்த கோட்பாட்டில், தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற நம்பிக்கையும் தனக்கென்று எவரும் இல்லை என்ற உணர்வும்தான் சாகும் விருப்பத்தின் இரண்டு வேர்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் நம் வீடுகளில் முதல் வேருக்குத் தண்ணீர் ஊற்றாத நாளே இல்லை. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுறோம்" என்பதைப் பெற்றோர் அன்பாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மனம் சோர்ந்த பிள்ளை அதைக் கணக்குச் சீட்டாகக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை எந்தப் படிவமும் பிடிக்காது. 'பி.எச்.கியூ-9' என்ற மனச்சோர்வுப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற நினைப்பையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பையும் ஒரே வரியில் கேட்கிறது. அங்கே விழும் ஒரு 'டிக்' எதற்கான விடை என்று, எதிரில் உட்கார்ந்து கேட்டால் மட்டுமே தெரியும். பல பிள்ளைகள் அந்தக் கேள்விவரைக்கூட வர மாட்டார்கள். தீராத தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, திடீரென்று பள்ளிக்குப் போக மறுப்பது என்றுதான் பொது மருத்துவரிடம் வருவார்கள். வலி பொய்யல்ல. ஆனால் வலிக்கு மாத்திரை எழுதிய கையோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா? பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் மிக ஆழமாக ஊன்றிய அச்சம் இது. அக்கறையில் பிறந்த அச்சம் என்பதால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மேட்லின் கூல்டும் பிறரும் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதியிடம் தற்கொலை பற்றிக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் மன உளைச்சலோ கூடுதல் எண்ணமோ இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் முன்பு முயன்றவர்களும் கேட்கப்பட்டதால் சற்றுத் தணிந்தே இருந்தார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. தனியாகச் சுமந்த ஒன்றை இன்னொருவர் பதறாமல் பெயர் சொல்லிக் கேட்கும்போது சுமை குறையத்தான் செய்யும். தீங்கு செய்யும் கேள்வியும் உண்டு, அது "அந்த மாதிரியெல்லாம் நினைக்க மாட்டேல்ல?" என்பது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டுக் கேட்பது. அதற்கு "இல்ல" என்று தலையாட்டிவிட்டுப் போகும் பிள்ளை, இவரிடம் சொல்ல முடியாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு போகிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது சத்தியம் வாங்கும் வழக்கம். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வது வீட்டு வடிவம். 'தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது நிறுவன வடிவம். எழுபதுகளிலிருந்து மனநல மருத்துவத்திலும் இது புழங்கியது. உயிரைக் காப்பதாக ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை. பயனின்மையைவிட மோசமானது அதன் பக்கவிளைவு: எண்ணம் திரும்ப வரும்போது சத்தியத்தை மீறிய குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது, யாரிடமும் சொல்ல முடியாமல் போகிறது. இதற்கு மாற்றாக பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் எளிமையானது. எண்ணம் தலைதூக்குவதற்கு முன் எனக்குள் என்ன நடக்கிறது, தனியாக இருந்தால் எதைச் செய்து அந்த அலையைக் கடப்பேன், யார் வீட்டுக்குப் போவேன், யாரிடம் விஷயத்தைச் சொல்வேன், எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பேன், வீட்டில் எதையெல்லாம் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே, முடிந்தால் அதன் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதுவது. சத்தியம் 'செய்ய மாட்டேன்' என்று மட்டும் சொல்கிறது. இந்தத் தாள் என்ன செய்வேன் என்று சொல்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,186 பேரிடம் இதைச் செய்து, பிறகு தொலைபேசியிலும் பேசிவந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 விழுக்காடு குறைவு என்று 2018-ல் எழுதினார்கள்.

அந்தத் தாளின் கடைசி வரியான கைக்கெட்டாமல் வைப்பதை வெறும் ஒட்டுவேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு: சாக நினைத்தவனுக்கு வழியா இல்லை? ஆதாரம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. நெருக்கடி என்பது அலை. உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். முயன்று பிழைத்தவர்களிடம் கேட்ட ஆஸ்திரிய ஆய்வொன்றில் ஏறக்குறைய பாதிப்பேர், எண்ணம் முதலில் எழுந்ததற்கும் செயலுக்கும் இடையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்றார்கள். இளைஞர்களின் அவசரம் நாம் அறிந்ததே. அந்தப் பத்து நிமிடத்தில் கொடிய பொருள் கைக்குக் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலோர் அதைத் தேடி அலைவதில்லை, அலை இறங்கிவிடுகிறது. இலங்கையின் தற்கொலை விகிதம் 1995-ல் லட்சத்துக்கு 47 ஆக, உலகின் உச்ச விகிதங்களில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை எண்பதுகளிலிருந்து படிப்படியாகத் தடை செய்ததைத் தொடர்ந்து, பின்வந்த ஆண்டுகளில் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. போரும் வறுமையும் மனச்சோர்வும் அங்கே மறைந்துவிடவில்லை. நம் பக்கத்தில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் ஊருக்குப் பொதுவான பாதுகாப்புப் பெட்டகம் கட்டி, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பூட்டுப் போடச் சொல்வது எனக்கு மதிப்பீட்டின் பகுதியே தவிர அதற்கு வெளியே உள்ள அறிவுரை அல்ல. தாத்தாவின் மாத்திரைகள் உட்பட என்ன எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று பெற்றோரிடம் கேட்காமல் அவர்களை அனுப்பக் கூடாது.

பெற்றோரிடம் எவ்வளவு சொல்வது என்பது இந்த வேலையின் மிகக் கூரான முனை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சட்டப்படி அவர்களை விலக்கி வைக்க முடியாது; விலக்கவும் கூடாது. ஆனால் காதல், சாதி, பாலியல் வன்முறை போன்றவை உள்ளே இருக்கும்போது, வீட்டாரிடம் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டுவது பிள்ளையை இன்னும் ஆபத்தான இடத்துக்கே தள்ளலாம். பேசத் தொடங்கும் முன்பே எல்லையைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்பது என் முடிவு: உன் உயிருக்கு ஆபத்து என்றால் அதை உன் வீட்டில் சொல்வேன், எப்படிச் சொல்வதென்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம், காரணத்தை நீ அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் சொல்வேன். சிறுவயதினர் மீதான பாலியல் குற்றத்தை மட்டும் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் முயற்சியை 'விபத்து' என்று எழுதச் சொல்லும் குடும்பங்களுக்கும் தெளிவு தேவை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 115-வது பிரிவில் சொல்கிறது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. தேர்வும் வரதட்சணையும் சாதியும் கடனும் கொல்கின்றன. நீங்கள் பிள்ளையின் மனத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பார்கள். முக்கால்வாசி சரி. தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு, ஆயிரம் ஆலோசனை அமர்வுகளால் முடியாததைச் செய்யவல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'வருஷம் போச்சு' என்ற இடிபாட்டின் எடையையே அது குறைத்துவிட்டது. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் டானுடா வாசர்மனும் பிறரும் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே பேசுகிறது. படிவம் கொடுத்து அபாயமுள்ளவர்களைக் கண்டெடுத்து நிபுணரிடம் அழைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளிலும் இல்லை. எல்லா மாணவர்களையும் சேர்த்து உட்கார வைத்து, நடித்தும் பேசியும் மன நெருக்கடியைக் கையாளப் பழக்கிய பள்ளிகளில் மட்டும், ஓராண்டு கழித்துப் புதிய தற்கொலை முயற்சிகள் 0.70 விழுக்காடு, ஒன்றும் செய்யாத பள்ளிகளில் 1.51. ஆகவே பள்ளிக்கூடத்தில் படிவம் விநியோகித்து மனநலம் காத்துவிட்டதாக அறிக்கை எழுதும் வேலையை நிறுத்துவதே நல்லது. ஆனால் மறுப்பின் மீதிக் கால்வாசியை நான் ஏற்க மாட்டேன். சமூகம் திருந்தும்வரை இன்று மாலை எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அதே தேர்வில் தோற்ற, அதே வீட்டில் அடிபட்ட பலர் பிழைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையை எது பிடித்து நிறுத்தும் என்று தனியாகத்தான் தேட வேண்டும்.

கடைசியாக ஆள் பற்றாக்குறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் உட்கார இந்த நாட்டில் உளவியலாளர்கள் எங்கே என்பது உண்மையான கேள்வி. சென்னையும் கொழும்பும் பங்கெடுத்த ஓர் ஆய்வில்தான் அதற்கு விடை இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பும். 2008-ல் வெளியான முடிவின்படி முதல் பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 2 பேர். மறுபடி முயன்றவர்களின் விகிதம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இறப்புதான் குறைந்தது. தொடர்புகொண்டவர்கள் எல்லோரும் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற மற்ற ஊழியர்களும் இருந்தார்கள். மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணும், தமிழ்நாட்டில் 104-ம், 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகளும் இரவும் பகலும் நமக்குத் தேவை. ஆனால் அவை பிள்ளை அழைப்பதற்காகக் காத்திருக்கின்றன. அந்த ஒன்பது தொடர்புகளில் அழைத்தது நாம். ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு இளைஞருக்கும், இளம்பெண்ணுக்கும், அழைக்கப்போகிறவர் பெயரோடு ஒன்பது தேதிகளைச் சீட்டிலேயே எழுதித் தர இந்த ஏற்பாடு போதும். ஆபத்து மிகுந்தவை வீடு திரும்பிய முதல் வாரங்கள் என்பதால், முதல் அழைப்பு ஏழு நாளுக்குள், இரண்டாவது அதற்கடுத்த வாரமே.